குடல் பார்க்க நல்லாத்தான் இருந்தது: தம்பிக்கு எடுக்காமல் விட்ட பயாப்ஸி

தீபாவளி முடிந்த நாலாம் நாள் காலையிலேயே தம்பி ஐந்து தடவை பாத்ரூம் போய்விட்டான். வீட்டில் எல்லோரும் அதிரசத்தைக் குறை சொன்னார்கள். நானும் சொன்னேன். அவனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்து அன்றைக்கு 71-ம் நாள். ஒவ்வொரு நாளையும் காலண்டரில் எண் போட்டுக் குறித்து வந்தவள் நான். எனக்கே அது பலகாரத்தால் வந்ததில்லை என்று உறைக்க எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளில் அவன் உடம்பில் ஆறு கிலோ குறைந்தது, கையில் இருந்த ஒரு லட்சத்து ஆயிரம் ரூபாய் கரைந்தது. பணத்தைக்கூட விடுங்கள், பயாப்ஸி என்று ஒரு சின்னச் சதைத் துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் விட்டதால்தான் இவ்வளவும் என்பது இன்றைக்கும் என்னை அறுக்கிறது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் கேட்டு வாங்கியிருப்பேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். தம்பிக்கு வந்தது ஏ.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய். அப்பா இல்லை. அம்மாவுக்கு முட்டி வலி, என் இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு கோவில்பட்டியில் இருந்துவிட்டார். கூடப்பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பு என்றார்கள். எனக்கு அமைந்தது. ஐந்து நாள் ஊசி போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் ஊசியோடு மெஷினில் நாலு மணி நேரம் படுத்து, ரத்தத்தை உருவாக்குகிற ஸ்டெம் செல் கொடுத்தேன். 2022 ஆகஸ்ட் 18, சென்னையில் அது அவன் உடம்பில் ஏறியது. கொடுத்தவளும் நான், கூட இருந்து பார்த்துக்கொண்டவளும் நான்.

24-ம் நாள் அவன் உள்ளங்கையும் காது மடலும் சிவந்தன. நெஞ்சில் பொடிப்பொடியாகத் தடிப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, ஜி.வி.எச்.டி.யாக இருக்கலாம் என்றார். கொடுத்தவருடைய வெள்ளணுக்கள் வாங்கியவருடைய உடம்பை அந்நியம் என்று நினைத்துத் தாக்குவதுதான் அது. முக்கியமாகத் தோல், குடல், கல்லீரல் மூன்றையும் பிடிக்கும். முன்கையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பேனா மூடி மாதிரி இருந்த ஒரு கருவியால் நாலு மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்தார்கள். ஒரே ஒரு தையல். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் வந்த ரிப்போர்ட், ‘ஜி.வி.எச்.டி.யாகவும் இருக்கலாம், மருந்து ஒவ்வாமையாகவும் இருக்கலாம், நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும்’ என்றது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இதைச் சொல்லவா அவன் கையைக் கிழித்தீர்கள் என்று நினைத்தேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: “தோல்ல மருந்து அலர்ஜியும் இதுவும் மைக்ராஸ்கோப்ல ஒரே மாதிரி தெரியும்மா. ரெண்டுலயும் மேல் தோலோட அடி வரிசை செல்கள் செத்துக் கிடக்கும். அதனால தோல் பயாப்ஸி மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டோம்.” ஒரு ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார், ஸ்டீராய்டு களிம்பு கொடுத்தார், பத்து நாளில் தடிப்பு அடங்கிவிட்டது. ஆனால் என் மனதில் ஒன்று ஊன்றிவிட்டது: பயாப்ஸி என்றால் வீண் வேலை, ஒன்றும் தெளிவாகச் சொல்லாது. தோலுக்குச் சொன்னதை நான் குடலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தவறு அதுதான்.

60-ம் நாளுக்கு மேல் சைக்ளோஸ்போரின் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க ஆரம்பித்தார்கள். உள்ளே வந்த செல்களை அடக்கி வைக்கிற மாத்திரை அது. அதைக் குறைக்கிற நேரத்தில்தான் ஜி.வி.எச்.டி. தலைதூக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வரலாம் என்று அனுமதி கிடைத்தது. 67-ம் நாள் தீபாவளி. அம்மா அவன் முகத்தைப் பார்த்து அழுத அழுகை இருக்கிறதே, அதற்காகவே போனோம். போகும்போது கையில் மாத்திரைச் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மட்டும்தான் இருந்தன. வயிற்றுப்போக்கு வந்தால், தடிப்பு வந்தால், மஞ்சள் காமாலை தெரிந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், உள்ளூர் டாக்டர் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் போவதாக இருந்தால் அந்தத் தாள் இல்லாமல் வண்டி ஏறாதீர்கள்.

இரண்டு நாள் வீட்டிலேயே மோர், ஓ.ஆர்.எஸ்., இளநீர் என்று ஓட்டினோம். பச்சை நிறத் தண்ணீராகப் போக ஆரம்பித்ததும் பயந்து, பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். குளுக்கோஸ் ஏற்றினார்கள், பொட்டாசியம் குறைவு என்றார்கள், இரண்டு விதமான ஆன்டிபயாட்டிக் போட்டார்கள். மூன்றாம் நாளும் நிற்கவில்லை. குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலனோஸ்கோப்பி செய்தார்கள். முடித்துவிட்டு டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். “பாருங்கம்மா, குடல் பார்க்க நல்லாத்தான் இருக்கு. புண் இல்ல, ரத்தம் இல்ல. பிளேட்லெட் 45,000தான் இருக்கு, அதனால துண்டு எதுவும் எடுக்கல. தேவையும் இல்ல.” ரோஸ் நிறத்தில் பளபளவென்று இருந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பயாப்ஸி எடுக்காதது நல்லதுக்குத்தான் என்றுகூட நினைத்தேன். இரண்டாவது தவறு.

அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனம் வரவில்லை. பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது ரத்தம் கொட்டிவிடுமோ என்று பயந்தது நியாயம்தான். ஆனால் மாற்று சிகிச்சை நோயாளிகளை அடிக்கடி பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஒன்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஜி.வி.எச்.டி. பிடித்த குடல் கண்ணுக்கு முழு ஆரோக்கியமாகத் தெரியலாம். சேதம் மைக்ராஸ்கோப்பில்தான் தெரியும். அதுவும் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். அதனால்தான் நன்றாகத் தெரிகிற இடத்திலிருந்தும் நாலைந்து துண்டுகள் எடுக்க வேண்டும். துண்டு எடுக்காத கொலனோஸ்கோப்பி எங்களைப் போன்றவர்களுக்குப் பாதி வேலைதான். அந்தப் பாதி வேலைக்காகத் தம்பி ஒரு நாள் முழுக்கப் பேதி மருந்து குடித்து, ஏற்கெனவே காய்ந்து கிடந்த உடம்பை இன்னும் காயப் போட்டான்.

அங்கே சேர்த்த ஆறாம் நாள் காலையில் அவன் நெஞ்சில் மறுபடி தடிப்பைப் பார்த்தேன். அப்போதுதான் சென்னை மருத்துவமனையின் கோஆர்டினேட்டருக்கு போன் போட்டேன். வயிற்றுப்போக்கு எட்டாவது நாள் என்று சொன்னதும் எதிர்முனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. “ஏன்க்கா முதல் நாளே கூப்பிடல?” என்று மட்டும் கேட்டார் அந்தத் தங்கை. என்னிடம் பதில் இல்லை. அன்றே 74,000 ரூபாய் பில் கட்டி, 27,000 ரூபாய்க்கு ஆம்புலன்ஸ் பிடித்து, இரவோடு இரவாகச் சென்னை போனோம். தாம்பரம் தாண்டும்போது தம்பி கேட்டான்: “அக்கா, உன் செல்லுதான் என்னை இப்படிப் பண்ணுதா?” அவன் குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஆனால் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

சென்னையில் முதலில் செய்தது அளப்பதுதான். பெட் பேனில் போவதை அளவு ஜாடியில் ஊற்றி மில்லிலிட்டர் கணக்கில் சார்ட்டில் எழுதச் சொன்னார்கள். எத்தனை தடவை என்பது முக்கியமில்லை, மொத்த அளவுதான் முக்கியம். ஒரு நாளைக்கு 500 மி.லி. தாண்டினால் முதல் நிலை, 1,000 தாண்டினால் அடுத்தது, 1,500 தாண்டினால் அதற்கும் மேல். அவனுக்கு முதல் 24 மணி நேரத்தில் 1,400 வந்தது. முதலில் சேர்த்த மருத்துவமனையில் ஆறு நாள் இருந்தும் யாரும் அளக்கவில்லை. எனக்கும் அளக்கத் தோன்றவில்லை. வீட்டிலேயே ஒரு பழைய பிளாஸ்டிக் குவளையில் கோடு போட்டு அளந்து தேதியோடு எழுதி வைத்தால், டாக்டருக்கு நாம் கொடுக்கிற மிகப் பெரிய தகவல் அதுதான்.

பிளேட்லெட் ஏற்றி 50,000க்கு மேல் கொண்டுவந்தார்கள். மாற்று சிகிச்சைக்குப் பிறகு ஏற்றும் ரத்தமும் பிளேட்லெட்டும் கதிர்வீச்சு காட்டியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ரத்தத்தில் இருக்கிற வெள்ளணுக்களே இன்னொரு ஜி.வி.எச்.டி.யைக் கிளப்பிவிடலாம், அது மிக ஆபத்தானது என்று நர்ஸ் சொன்னார். ஊரில் ஏற்றாமல் விட்டதும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. அங்கே அந்த வசதியே கிடையாது.

மறுநாள் காலை சிக்மாய்டோஸ்கோப்பி. கொலனோஸ்கோப்பி மாதிரி முழுக் குடலையும் பார்ப்பதில்லை, கடைசிப் பகுதியை மட்டும்தான். பேதி மருந்து குடிக்க வேண்டியதில்லை, எனிமா போதும். இருபது நிமிடம் ஆனது. குடலின் கடைசிப் பகுதியிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும் என்பதால் முதலில் இதைச் செய்கிறார்கள். தம்பிக்குக் குமட்டலும் இருந்ததால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பி செய்து இரைப்பையிலிருந்தும் துண்டுகள் எடுத்தார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் எடுக்கவில்லை. பிளேட்லெட் குறைந்தவர்களுக்கு அங்கே எடுத்தால் சுவருக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டாம். கல்லீரலில் எடுக்க வேண்டி வந்தால் இன்னும் யோசிப்பார்கள், கழுத்து ரத்தக் குழாய் வழியாகப் போய் எடுப்பார்கள் என்றார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. எடுத்து முடித்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கறுப்பு மலம், ரத்தம், வயிற்று வலி, தலைசுற்றல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள்.

துண்டு என்றால் நான் விரல் நுனி அளவு நினைத்திருந்தேன். துண்டைக் கெடாமல் காக்கிற ஃபார்மலின் மருந்துக் குப்பியில் மிதந்தது அரிசிக் குருணை அளவு. இங்கே ஒரு முக்கியமான விஷயம். மைக்ராஸ்கோப்பில் பார்க்கப் போகிற துண்டு ஃபார்மலினில் போக வேண்டும். கிருமி வளர்த்துப் பார்க்கவோ பி.சி.ஆர். செய்யவோ போகிற துண்டு ஃபார்மலினில் போகக் கூடாது, சலைன் என்கிற உப்பு நீரில் போக வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் குப்பியை நம் கையில் கொடுத்து லேப்பில் கொடுக்கச் சொல்வார்கள். வாங்கும்போதே எது எதற்கு என்று கேட்டு, பெயர், தேதி, எந்த இடத்துத் துண்டு என்ற லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே ஒரு படிவம் போகும். அதில் ‘வயிற்றுப்போக்கு, காரணம் அறிய’ என்று ஒரே வரி எழுதி அனுப்பினால் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? மாற்று சிகிச்சை நடந்த தேதி, யார் கொடுத்தது, இப்போது எத்தனையாவது நாள், என்னென்ன மருந்து, எதைச் சந்தேகிக்கிறார்கள் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். மைக்கோபினோலேட் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குடலில் ஜி.வி.எச்.டி. மாதிரியே தோற்றம் வரும். மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கீமோவின் பாதிப்பும் முதல் மூன்று வாரம் வரை அதே தோற்றம் காட்டும். தேதியும் மருந்தும் தெரியாமல் பார்த்தால் தவறு நேரும்.

அன்று இரவே ஸ்டீராய்டு ஆரம்பித்தார்கள். ரிப்போர்ட் வரவில்லை. உடல் எடைக்கு கிலோவுக்கு 2 மில்லிகிராம், 51 கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அளவில். எனக்குப் புரியவில்லை. மருந்தை ஆரம்பித்துவிட்டால் பயாப்ஸி எதற்கு என்று கேட்டேன். டாக்டர் மேடம் என்னை உட்கார வைத்துச் சொன்னார். இந்த அளவு போகும்போது மூன்று நாள் காத்திருந்தால் ஆளை இழக்க நேரிடும், அதனால் ஆரம்பிக்கிறோம். ஆனால் இதே அறிகுறி வைரஸாலும் வரும். அப்படியென்றால் வைத்தியமே வேறு. ஜி.வி.எச்.டி. என்றால் எதிர்ப்பு சக்தியை அமுக்க வேண்டும், வைரஸ் என்றால் அமுக்க அமுக்க அது பெருகும். “கண்ணைக் கட்டிக்கிட்டு ரொம்ப தூரம் ஓட்ட முடியாதும்மா. ரெண்டு நாள் ஓட்டலாம்.” பயாப்ஸி என்பது அனுமதிச் சீட்டு இல்லை, போகிற வழி சரியா என்று பார்ப்பதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ரிப்போர்ட் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சொல்கிற உறவினர்களும் உண்டு. அப்படிச் செய்துவிடாதீர்கள்.

அப்போதே மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். இரண்டு பிள்ளை பெற்ற பெண் ஆணுக்குக் கொடுத்தால் இது வர வாய்ப்பு கூடுதல் என்று எங்கோ படித்திருந்தேன். உண்மையா என்றேன். உண்மைதான் என்றார், மறைக்கவில்லை. கர்ப்ப காலத்தில் தாயின் வெள்ளணுக்கள் அந்நியத்தை அடையாளம் காணப் பழகிவிடுகின்றனவாம். ஆனால் முழுப் பொருத்தத்தோடு வேறு யாரும் இல்லாதபோது நீங்கள்தான் இருந்த ஒரே நல்ல வழி என்றார். அவன் எலும்புக்குள் மிச்சம் இருக்கும் புற்று செல்களைத் தேடி அழிப்பதும் அதே செல்கள்தான் என்றார். அன்று ராத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கொடையாளியாக இருக்கிற அக்கா தங்கைகள் இதை வாசித்தால் சொல்கிறேன், அந்தக் கேள்வியை உள்ளேயே வைத்திருக்காதீர்கள், டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வந்தது.

இரண்டாம் நாள் மாலை வாய்மொழியாக முதல் தகவல் வந்தது. குடல் சுவரில் கிணறு மாதிரிக் குழிகள் வரிசையாக இருக்கும். அந்தக் குழிகளின் அடியில் செல்கள் செத்துச் சுருங்கித் துகளாகக் கிடக்கின்றன, சில இடங்களில் குழியே காணாமல் போயிருக்கிறது. ஜி.வி.எச்.டி.யின் தோற்றம் அதுதான். எனக்கு, சரி, ஸ்டீராய்டு சரியான வழிதான் என்று நிம்மதி. ஆனால் துண்டுகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்த பத்தாலஜி டாக்டர் அதோடு முடிக்கவில்லை. சி.எம்.வி. வைரஸுக்கான தனிச் சாயப் பரிசோதனை போட்டிருந்தார். மூன்றாம் நாள் அது வந்தது. பெருங்குடல் துண்டுகளில் சில செல்களுக்குள் சி.எம்.வி. இருந்தது.

ரத்தத்தில் எடுத்த சி.எம்.வி. பி.சி.ஆர். அதே நாளில் ‘இல்லை’ என்று வந்திருந்தது. இதை இரண்டு முறை படியுங்கள். ரத்தத்தில் இல்லை, குடலில் இருந்தது. குடலில் மட்டும் இருக்கும்போது ரத்தப் பரிசோதனை அதைத் தவறவிடலாம். நம் நாட்டில் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் எப்போதோ வந்து அடங்கிக் கிடக்கிற வைரஸ் அது, எதிர்ப்பு சக்தி இறங்கும்போது எழுந்துவிடும். சி.எம்.வி.யும் செல்களைச் சாகடித்து ஜி.வி.எச்.டி. மாதிரியே காட்டும் என்பதால், பெருங்குடல் ரிப்போர்ட்டில் ‘ஜி.வி.எச்.டி. இருக்கக்கூடும்’ என்றுதான் எழுதினார்கள். அப்போதுதான் இரைப்பைத் துண்டு கைகொடுத்தது. அதில் சி.எம்.வி. இல்லை, ஆனால் செல்கள் அதே போலச் செத்துக் கிடந்தன. தோலில் தடிப்பும் இருந்தது. எல்லாவற்றையும் வைத்து, இரண்டு நோயும் சேர்ந்து இருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் துண்டு எடுத்திருந்தால் இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

அன்றே சி.எம்.வி.யை அடக்குகிற கான்சைக்ளோவிர் ஊசி ஆரம்பித்தது, நாளைக்கு இரண்டு வேளை. அது வெள்ளணுக்களைக் குறைக்கும் என்பதால் தினமும் கவுண்ட் பார்த்தார்கள். இரண்டு தடவை வெள்ளணு ஏற்றும் ஊசியும் போட வேண்டிவந்தது. ஐந்தாம் நாள் சார்ட்டில் 900 என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் 450. பதினாலாம் நாள் அவன் கஞ்சி கேட்டான். மொத்தம் 31 நாள் படுக்கை, 5,80,000 ரூபாய். அம்மாவின் நகையும் என் நகையும் போயின. சிக்மாய்டோஸ்கோப்பி, துண்டுகள், தனிச் சாயம் எல்லாம் சேர்த்து அதில் 14,000 ரூபாய்க்குள்தான். ஊரில் முதல் நாளே இது நடந்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கணக்கை நான் பல ராத்திரி போட்டிருக்கிறேன்.

ரிப்போர்ட்டின் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இல்லை, இருக்கக்கூடும், பெரும்பாலும் அதுதான் என்கிற மாதிரி மூன்று படிகளில் எழுதுவார்கள். ‘இருக்கக்கூடும்’ என்பது டாக்டருக்குத் தெரியவில்லை என்று பொருள் இல்லை, மற்ற தகவல்களோடு பொருத்திப் பார் என்பதுதான். துண்டில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தாலும் நோய் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது, திட்டுத்திட்டாக இருப்பதால் சேதமில்லாத இடத்துத் துண்டு வந்திருக்கக்கூடும். அறிகுறி தொடர்ந்தால் மறுபடி எடுப்பதும் உண்டு. ரிப்போர்ட் வந்ததும் நான் இப்போது கேட்பது மூன்றே கேள்வி: எத்தனை இடத்திலிருந்து எத்தனை துண்டு பார்த்தீர்கள், சி.எம்.வி. சாயம் போட்டாயிற்றா, இது இறுதி ரிப்போர்ட்டா இன்னும் ஏதாவது பாக்கியா?

தம்பிக்கு மறு வருஷம் ஏப்ரலில் ஸ்டீராய்டு முழுதாக நின்றது. இப்போது கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடையில் கணக்கு பார்க்கிறான். மாதம் ஒரு தடவை சென்னை போய் வருகிறோம். போகும்போது ஃபைலின் முதல் பக்கத்தில், நான் கேட்டு வாங்கிய ஒரு கடிதம் இருக்கும். வயிற்றுப்போக்கு 500 மி.லி. தாண்டினால் அன்றே கூப்பிட வேண்டிய எண், எண்டோஸ்கோப்பி செய்தால் நன்றாகத் தெரிந்தாலும் துண்டு எடுக்க வேண்டும் என்ற குறிப்பு, ரத்தம் கதிர்வீச்சு காட்டியதாக இருக்க வேண்டும் என்ற குறிப்பு, மூன்றும் அதில் உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போது, துண்டுகளைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்குகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்த ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிவிட்டேன். வேறு டாக்டரிடம் கருத்து கேட்கவோ பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவோ ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, அந்த பிளாக் வேண்டும். அது மெழுகு என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே பரணில் போட்டு வைத்தால் இளகிவிடும். நான் அரிசிப் பானைக்குப் பின்னால், சுவர் ஓரமாக, ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்திருக்கிறேன்.